யானை போன திசை

"எங்கேருந்தும்மா வருது உங்களுக்கு?" என்று கேட்டார் தாணுமாலயன்.

"எது?"

"படம்."

பியூலா ஒரு தொழிலாளியின் உள்ளங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"கொஞ்சம் உட்காருங்க சார். இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க."

அவர் உட்கார்ந்தார்.

அது மேல்சோலை எஸ்டேட்டின் மருந்தகம். மலைமேல், தேயிலைக்கு நடுவே, தகரக் கூரை போட்ட மூன்று அறைகள். பியூலா அங்கே நர்ஸ். வயது முப்பத்தெட்டு. மத்தியானத்துக்கு மேல் ஆள்வரத்து குறையும்போது, மருந்து மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளங்கை அளவுத் தாள்களில் நீர்வண்ணம் தீட்டுவாள்.

தாணுமாலயனுக்கு அறுபத்தொன்று. நாகர்கோவிலில் பிறந்து சென்னையில் பெயர் வாங்கியவர். மழையை வரைய அவரை விட்டால் ஆளில்லை என்பார்கள். நனைந்த தார் ரோடு, அதில் விழுந்து சிதறும் விளக்கு வெளிச்சம், குடையைச் சாய்த்துக்கொண்டு ஓடும் ஒரு ஆள். மேடையில் இருநூறு பேர் பார்த்திருக்க, அரை மணி நேரத்தில் ஒரு மழையை முடித்துவிடுவார். கைதட்டுவார்கள்.

போன ஆடியில் அப்படி ஒரு மேடையில், பாதி வானத்தில், கை நின்றுவிட்டது.

வலி இல்லை. நடுக்கம் இல்லை. அடுத்து என்ன போட வேண்டும் என்று தெரியும். போட வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். தாள் காய்ந்தது. ஜனங்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

பதினோரு மாதம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஒரு இலை கூட வரையவில்லை.

மலைக்கு வந்த காரணம் இன்னொன்று. சென்னையில் ஒரு கண்காட்சி. நீர்வண்ணக்காரர்கள் நாற்பது பேரின் படங்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும், தன்னை வரையத் தூண்டியது எது என்று ஓவியர் ஒரு அட்டையில் எழுதி வைக்க வேண்டும். ஒருவர் 'காசியின் படித்துறைகள்' என்று எழுதியிருந்தார். ஒருவர் 'மீனவர்களின் உழைப்பு'. இன்னொருவர் ஒளியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். தாணுமாலயனின் பழைய படம் ஒன்றும் அங்கே தொங்கியது. அட்டையில் 'மழை' என்று இருந்தது. இருபது வருஷமாக அதையேதான் எழுதிவந்தார்.

கடைசிச் சுவரில் ஒரு சின்னப் படம். மர மேஜை. அதன்மேல் ஒரு டம்ளர் இருந்து எடுக்கப்பட்ட ஈர வட்டம். வேறொன்றும் இல்லை.

யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. திரும்பி வாசலைப் பார்த்தார்.

அட்டையில் 'செவ்வாய்க்கிழமை' என்று இருந்தது.

ஓவியரின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

*

கடைசி ஆளும் மருந்து வாங்கிக்கொண்டு போனபின் பியூலா கை கழுவினாள்.

"செவ்வாய்க்கிழமைன்னா என்னம்மா?"

"அன்னிக்குத்தான் சார் வரைஞ்சேன்."

"அந்த டம்ளர் யாரோடது?"

"எங்க அண்ணனோடது. டீ குடிச்சிட்டு எழுந்து போனான்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்புறம்?"

"சாயந்திரம் வந்தான்."

அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. அது அவர் முகத்தில் தெரிந்தது. பியூலா அதைப் பார்த்தாள்.

"எனக்குக் கை நின்னு போச்சும்மா. ஜனவரியில தனிக் கண்காட்சி வச்சிருக்காங்க. அழைப்பிதழ் அடிச்சாச்சு. தொங்கவிட ஒரு படம் இல்ல. நான் உங்களைவிட இருபத்திமூணு வயசு மூத்தவன். கேக்கறதுக்கு வெக்கமா இருந்துது. பஸ்ஸுலயே ரெண்டு தடவை எறங்கிப் போயிடலாம்னு பார்த்தேன்."

"எறங்கலையே."

"இல்ல."

உள்ளறையில் நோயாளிகளுக்கு இரண்டு கட்டில்கள். இரண்டும் காலி. அவள் ஒன்றில் அவர் தங்குவதற்கு விரிப்பை மாற்றிப் போட்டாள்.

"தாள் கொண்டு வந்திருக்கீங்களா?"

"இருக்கு."

"ஒண்ணு எடுத்துத் தண்ணியும் கொஞ்சம் சாம்பல் நிறமும் மட்டும் பூசுங்க. அது காயற வரைக்கும் தொடாதீங்க."

"அப்புறம்?"

"காயட்டும்."

அவர் முழுத் தாளை எடுத்துப் பலகையில் ஒட்டி, அகலத் தூரிகையால் ஒரே இழுப்பில் பூசினார். அதற்குக் கை மறுக்கவில்லை. பெட்டியிலிருந்து தலைமுடி உலர்த்தும் டிரையரை எடுத்தார். மேடையில் அதை வைத்துத்தான் ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவில் தாளைக் காயவைப்பார்.

"கரண்ட் இல்ல சார்," என்றாள் பியூலா. "ஆனி பொறந்தா இங்க இப்படித்தான். வந்தா வரும்."

வரவில்லை.

*

மறுநாள் மஞ்சு என்கிற மலைமூடுபனி இறங்கியது.

ஜன்னலைத் திறந்தால் அறைக்குள் வந்தது. கட்டில் கால்களைச் சுற்றிக்கொண்டது. மருந்து அலமாரியின் கண்ணாடி வியர்த்தது. அவருடைய சட்டைக் காலர் வியர்த்தது. தாள், பூசியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

விரல் நுனியால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரம்.

சாயந்திரமும் ஈரம்.

"இது எப்போம்மா காயும்?"

"தெரியல சார்."

"நீங்க எப்படி இங்க வரையறீங்க?"

"மெதுவா."

அன்று முழுவதும் ஆட்கள் வந்தார்கள். அட்டை கடித்த கால். இருமல். தலைவலி மாத்திரை வாங்க வந்து, மாத்திரையை மறந்து, மகளின் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போன ஒரு பெண். பியூலா கேட்டுக்கொண்டே இருந்தாள். யாரையும் சீக்கிரம் முடிக்கச் சொல்லவில்லை. தாணுமாலயன் கடிகாரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அவருடைய பொறுமை போய்விட்டது. பியூலா ஒரு பிரசவித்த பெண்ணைப் பார்க்கக் குடியிருப்புக்குப் போயிருந்தாள். கிளம்பும்போது சொல்லியிருந்தாள்: "மஞ்சு விலகாம வெளியே போகாதீங்க சார். சோலைக்காட்டுக்குள்ளேருந்து யானை வரும்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

*

முதலில் பாதை இருந்தது. இரண்டு பக்கமும் தேயிலைச் செடிகள் இடுப்பு உயரத்துக்கு இருந்தன.

பிறகு பக்கத்தில் உள்ள செடி மட்டும் இருந்தது.

பிறகு அதில் நாலைந்து இலைகள்.

அவர் குனிந்து காலைப் பார்த்தார். செருப்பு தெரியவில்லை. வந்த வழியே திரும்பினார். திரும்பியது எவ்வளவு என்று தெரியவில்லை. எங்கோ கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்ளும் குரல் கேட்டது. அது இடது பக்கம் கேட்டது. பிறகு தலைக்கு மேலே கேட்டது. பிறகு கேட்கவில்லை.

எல்லாம் வெள்ளை. வாசனை கூட வெள்ளையாக இருந்தது.

மேலே எது கீழே எது என்பது மெல்ல மெல்லக் கழன்றுகொண்டிருந்தது. தூக்கம் வருவதற்கு முன்னால் உடம்பு இலேசாகுமே, அதுபோல. அவருக்குப் பயம் வரவில்லை. இப்படியே நின்றுவிடலாம் என்றுகூட இருந்தது.

அப்போது மென்ற புல்லின் வாசனை வந்தது.

அவர் நின்றார்.

ஈரத்துணியை மெதுவாக உதறுவது போல ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும்.

வெள்ளைக்குள் ஒரு இடம் மட்டும் கனத்திருந்தது. விளிம்பு இல்லை. ஈரத்தாளில் ஒரு சொட்டு மையை விட்டால் அது தனக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு எடுத்துக்கொள்ளும், அப்படி. அந்த இடம் இருந்தது. அசைந்தது. பத்தடி தூரமா, ஐந்தடியா, தெரியவில்லை.

அது மூச்சு விட்டது. நீண்ட, வெதுவெதுப்பான மூச்சு. அவருடைய முகத்தில் பட்டது.

அதன்பிறகு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவரால் சொல்ல முடியாது.

எஸ்டேட் தொழிற்சாலையின் சங்கு ஊதியது. வெள்ளை வெறும் வெள்ளையாக இருந்தது. அவர் சங்கு வந்த பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டு நடந்தார். செடிகளில் மோதி, விழுந்து, எழுந்து, ஒரு தகரக் கூரையின் ஓரத்தைத் தொட்டார்.

*

தாள் இன்னும் ஈரமாகவே இருந்தது.

தொடக்கூடாது என்று சொன்னது ஞாபகம் வந்தது. கை கேட்கவில்லை. பதினோரு மாதமாக நின்றிருந்த கை ஓடியது. அடர்ந்த நீலமும் பழுப்பும் கலந்து தாளில் விட்டார். முதுகு எழுந்தது. நெற்றி எழுந்தது. தூக்கிய துதிக்கை. இரண்டு தந்தங்களில் மங்கலான வெளிச்சம். சின்னக் கண், அதில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளை. அவர் சிரித்தார். அவருக்கே தெரியாமல் கன்னம் நனைந்திருந்தது.

பியூலா வாசலில் வந்து நின்றபோது அவர் பலகையைத் தூக்கிக் காட்டினார்.

"வந்துட்டும்மா! கை வந்துட்டு! பாருங்க! நான் பார்த்தேன், இவ்வளவு கிட்டத்துல!"

அவள் படத்தைப் பார்க்கவில்லை. அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். உட்காரவைத்தாள். முழங்கையில் இருந்த சிராய்ப்பைத் துடைத்து மருந்து போட்டாள். சர்க்கரை கரைத்த வெந்நீரைக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் படத்தின் முன்னால் போய் நின்றாள். நெடுநேரம் பார்த்தாள்.

"தந்தம் நல்லா வந்திருக்கு."

"இல்லியா?"

"பார்த்தீங்களா சார், தந்தத்தை?"

"பார்க்காமலா வரைவேன்?"

"இந்த மாசம் இந்தப் பக்கம் நடக்கறது ஒரு கூட்டம். எல்லாம் பொம்பளை யானைங்க, குட்டியோட. நேத்துக்கூட ஃபாரஸ்ட் வாட்சர் பார்த்தாரு. அதுங்களுக்குத் தந்தம் கெடையாது."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

பியூலா தாளைப் பலகையிலிருந்து மெதுவாக உரித்தாள். இரண்டு முனைகளையும் ஏந்தி வெளியே எடுத்துப் போனாள். வாசலுக்கு எதிரே, கட்டுத்துணி காயப்போடும் கம்பியில், இரண்டு கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள்.

"அம்மா! மஞ்சு இறங்கிட்டிருக்கு! கரைஞ்சிரும்!"

"ஆமா."

அவர் ஓடி வந்தார். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி போடும்போது பிடிப்பாளே, அந்தப் பிடி.

"வந்ததைப் பார்த்தீங்கல்ல சார். போறதையும் பாருங்க."

தாளின் மேல் துளிகள் பூத்தன. ஒன்று இன்னொன்றைத் தொட்டு, கனத்து, வழிந்தது. தந்தத்தின் வெளிச்சம் முதலில் போயிற்று. கண் போயிற்று. துதிக்கை தன் எடை தாங்காமல் தாழ்ந்து, கீழே இருந்த புல்லாக மாறியது. கொஞ்ச நேரம் முதுகு மட்டும் இருந்தது. அது வெறும் ஒரு கனத்த இடமாக ஆயிற்று. விளிம்பு இல்லாமல்.

அவர் திமிறுவதை நிறுத்தியிருந்தார்.

"இப்படித்தான் இருந்துது," என்றார்.

அவள் பிடியை விட்டாள்.

அந்த இடமும் மெல்ல வெளுத்தது. தாளின் அடிமுனையிலிருந்து சாம்பல் நிறமாகச் சொட்டியது.

"அங்கே எந்தப் பக்கம் போச்சு சார்?"

"எது?"

"யானை."

"கெழக்க... இல்ல. சோலைப் பக்கமாத்தான் போயிருக்கும்."

"பார்த்தீங்களா?"

அவர் தாளையே பார்த்தார். தாளிலிருந்து சொட்டும் சத்தம் கேட்டது. உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அவளும் வந்து மருந்து மேஜையில் சாய்ந்து நின்றாள்.

"கண்ணை மூடிக்கிட்டேம்மா."

"ம்."

"அது மூச்சு விட்டுதுல்லா. அப்போ மூடுனதுதான். சங்கு ஊதுன பெறகுதான் தொறந்தேன்."

"மூடிக்கிட்டு என்ன பார்த்தீங்க?"

அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"எங்க வீட்டு அடுப்படி. பகவதி நிக்கா. பகவதின்னா என் வீட்டுக்காரி. எனக்கு முதுகு காட்டி நிக்கா. அவளைப் பார்த்துட்டா உசிரு போனாலும் போட்டும்னு இருந்துது. திரும்புட்டீ, திரும்புட்டீன்னு மனசுக்குள்ள கூப்பிடுதேன்."

"திரும்புனாங்களா?"

"திரும்புனா."

அவர் விரிப்பின் ஓரத்தைச் சுருட்டினார். பியூலா காத்திருந்தாள். அவள் காத்திருப்பதில் அவசரமே இல்லை.

"முகம் வரலேம்மா. வெள்ளையா இருக்கு. எனக்கு என்ன செய்யன்னு தெரியல்ல. மூக்கை நெனச்சுப் பார்த்தேன், பொட்டை நெனச்சுப் பார்த்தேன். ஒண்ணும் சேரல்ல. முப்பத்திநாலு வருஷம்மா. ஒரே வீடு. என் தெருவுல நிக்கற லைட்டுக் கம்பத்தைக் கண்ணை மூடிக்கிட்டு வரைவேன். அவ முகம் வரல்ல."

வெளியே யாரோ "சிஸ்டர்" என்று கூப்பிட்டார்கள். பியூலா ஜன்னல் வழியாக எட்டி, "ரெண்டு நிமிஷம்க்கா" என்றாள்.

பிறகு அவருடைய பெட்டியை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தாள்.

"காலையில ஏழே காலுக்கு பஸ் சார்."

"நீங்க எனக்கு இன்னும் ஒண்ணுமே சொல்லித் தரலியே."

"அதை விட்டா அப்புறம் பன்னெண்டரைக்குத்தான்."

*

அந்தப் பஸ்ஸில் கிளம்பியவர் மறுநாள் வீட்டுக்குள் நுழைந்தபோது, பகவதி அடுப்படித் தரையில் முறத்தை வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து அவளுடைய மடியில் பாதி, தரையில் பாதி கிடந்தது.

"போன காரியம் என்னாச்சு?" என்றாள். "சாப்பிட்டியளா?"

அவர் அவளுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து தாளை எடுத்தார். ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பகவதி ஆய்வதை நிறுத்தினாள். அந்த அடுப்படியில் அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"தரை ஈரமா கெடக்கு. முண்டு நனையும்."

"நனையட்டும். நீ உன் வேலையைப் பாரு."

அவள் கீரையைக் கையில் எடுத்தாள். ஒரு தண்டைக் கிள்ளினாள். நிமிர்ந்தாள்.

"என்னத்தப் பாக்கியோ அப்பிடி?"

அவர் பார்த்தார். நெற்றி ஓரத்தில் நரை ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இருந்தது. இடது புருவம் வலதைவிடக் கொஞ்சம் மேலே. சிரிப்பை அடக்கும்போது கீழுதடு உள்ளே மடிந்தது. அதற்குக் கீழே, மோவாயில், அரை நெல் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் தழும்பு.

தூரிகையின் நுனியிலிருந்து தண்ணீர் தாளில் சொட்டியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"இது எப்பம் பட்டுது?"

"எது?"

"இந்தத் தழும்பு."

பகவதி மோவாயைத் தடவிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"இதா? நம்ம கல்யாணத்துக்கு மின்னேயே உள்ளதுல்லா."